டோப்பாக் கத்தி

ஃபோமார் கம்பெனியின் மடக்குக் கத்திகளில் எது உண்டு, எது இல்லை என்று சொல்லும் தகுதி ஒருவனுக்கு இருக்கிறதென்றால் அது நான்தான். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். முப்பத்தோரு வருடம் அந்தக் கம்பெனியின் பதிவு அறையில் உட்கார்ந்திருந்தவன் நான். புது மாடல் ஒன்று உருவானால் அதற்கு எண் போட்டு, எத்தனை அலகு, என்ன பிடி, எந்த ஸ்பிரிங் என்று அட்டை எழுதிப் பெட்டியில் வைப்பது என் வேலை. பெட்டியில் அட்டை இருந்தால் அந்தக் கத்தி உண்டு. அட்டை இல்லாவிட்டால் அப்படியொரு கத்தியே கிடையாது. தொழிற்சாலையில் அன்செல்ம் என்ற என் பெயரை யாரும் சொன்னதில்லை, அட்டைப்பெட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

கம்பெனியை மூடியது தொண்ணூற்றொன்றில். அது உயிரோடு இருந்தவரை, பிரான்சில் கத்திக்குப் பேர்போன எங்கள் தியேர் ஊரில் அதற்கு அக்கம்பக்கத்துக் கத்திக் கம்பெனிகளைவிடப் பெரிய மரியாதை ஒன்றும் இருந்ததில்லை. செத்த பிறகுதான் சேகரிப்பாளர்களுக்கு அதன்மேல் காதல் வந்தது. தொண்ணூற்றொன்பதில் லியோனிலிருந்து எவ்ரார் என்ற பதிப்பாளர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். ஃபோமார் கத்திகள் எல்லாவற்றையும் வகைப்படுத்திக் கையேடு ஒன்று போட வேண்டும், என்னை விட்டால் ஆளில்லை என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இரண்டே பிரிவு என்று ஏற்பாடு. கம்பெனி எண் போட்டு வெளியே அனுப்பியது கம்பெனி மாடல். வெளியே போன பிறகு யாரோ பிடியை மாற்றி, அலகைத் தேய்த்து, இஷ்டத்துக்குச் செய்துகொண்டது கைவேலை மாடல். அதற்கு எண் கிடையாது, பின்னிணைப்பில் சின்ன எழுத்தில் இரண்டு வரி. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்க முடியாது என்று முதல் நாளே எவ்ராரிடம் அடித்துச் சொன்னவன் நான்.

புதன்கிழமைதோறும் மதியம் ஜெர்மேன் வருவாள். இருபத்தெட்டு வருடம் எங்கள் தொழிற்சாலையில் கத்தி பூட்டியவள். ரிவெட்டின் தலையைப் பார்த்தே இது யார் கை அடித்தது என்று சொல்லுவாள். சேகரிப்பாளர்கள் அனுப்பும் கத்திகளை என் சாப்பாட்டு மேசையில் பரப்பிக்கொண்டு, அவள் கையால் தடவிப் பார்க்க, கம்பெனி மூடியபோது என் வீட்டுக்கு வந்துவிட்ட பெட்டியை நான் புரட்ட, இருவரும் சண்டை போட்டுக்கொண்டே எழுதுவோம். அவள் ஒரு துண்டு நீலப் பாலாடைக்கட்டி கொண்டுவருவாள். ரொட்டி என்னுடையது.

இலையுதிர் காலத்தில் ஒரு புதன்கிழமை எவ்ரார் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அந்த அம்மாவோட குறிப்புல பதினேழு எடத்துல 'டோப்பா'ன்னு எழுதியிருக்கே. முடி வெட்டுறவங்களுக்குன்னு போட்ட மாடலா அது? அட்டவணையில எந்த எண்?"

நான் அதை ஜெர்மேனிடம் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் பாலாடைக்கட்டி தரையில் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குறிப்புகளை அவள் எனக்குத் தெரியாமல் எழுதி அவருக்கு அனுப்பியிருந்தாள்.

எங்கள் தொழிற்சாலைகளில் டோப்பா என்றால் தலையில் வைப்பதல்ல. முதலாளியின் நேரத்தில், முதலாளியின் இரும்பில், தொழிலாளி தனக்கென்று ஒன்று செய்துகொள்வதுதான் டோப்பா. ஏன் அந்தப் பெயர் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. போட்டுக்கொண்டவர் யாரும் ஒப்புக்கொள்வதில்லை, பார்த்தவர் யாரும் கேட்பதில்லை என்பதால் இருக்கலாம்.

"அதையெல்லாம் அடி," என்றேன். "டோப்பான்னு ஒரு வகை கிடையாது."

"ஊருல பாதி வீட்டு மேசை டிராயர்ல அதுதான் கெடக்கு. நீ அடிச்சா காணாமப் போயிருமாக்கும்?"

"பெட்டியில அட்டை இல்ல."

"யோவ் அட்டைப்பெட்டி, நீ செத்தா ஒன்னையும் அந்தப் பெட்டியிலயே போட்டு மூடச் சொல்றேன்."

நாங்கள் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பெண் வந்தாள். நாற்பதுக்குள் இருக்கும். கூர்பியேரில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை என்றாள். கைக்குட்டையில் சுற்றிய கத்தியை மேசையில் வைத்துவிட்டுத்தான் பெயரைச் சொன்னாள். கிலேன் ரொதியே.

ஜெர்மேன் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"லூசியன் ரொதியேவோட மகள்," என்றாள் அந்தப் பெண், எங்களுக்குத் தெரியாதது போல. "அம்மா போன மாசம் போயிட்டாங்க. இது அவங்க கத்தி. நீங்க புத்தகம் போடுறதா ஊருல சொன்னாங்க மிஸ்யே. அதுல இது வரணும்."

கைக்குட்டையைப் பிரித்தேன். கொம்புப் பிடி, இடது கைக்கு வாகாக இழைத்தது. ஒரு முனையில் அலகு, மறுமுனையில் மடங்கிக் கிடக்கும் மூன்று பல் முள்கரண்டி. அலகில் நகம் வைத்துத் திறக்கும் குழி இருக்க வேண்டிய இடத்தில், கட்டைவிரல் பதியும் அளவுக்கு ஒரு துளை. ஸ்பிரிங்கை யாரோ பொறுமையாக அராவி இளக்கியிருந்தார்கள். இடது கைக் கட்டைவிரலால் தள்ளினேன். வெண்ணெயில் போவது போலத் திறந்துகொண்டது. அலகின் அடியில் ஃபோமார் முத்திரை.

"அம்மாவோட வலது கையில மூணு விரலு எழுபத்தொண்ணுல பிரஸ்ஸுல போச்சு," என்றாள் கிலேன். "ஒங்க தொழிற்சாலையிலதான். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அப்பாதான் அவங்களுக்கு ரொட்டி வெட்டிக் குடுத்தாரு. அம்மா சாப்பாட்டு வேளையில தலைய நிமித்தவே மாட்டாங்க."

எங்கள் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. மேசையில் உட்கார்ந்தால் ஆணானாலும் பெண்ணானாலும் சட்டைப்பையிலிருந்து அவரவர் கத்தி வெளியே வரும். குழந்தைக்கும் சாகக் கிடப்பவருக்கும்தான் அடுத்தவர் ரொட்டி வெட்டிக் கொடுப்பார்கள். கிலேனின் அம்மா மார்த் ரொதியேவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

"இத அப்பா செஞ்சு குடுத்தாரு. அப்புறம் என்ன ஆச்சுன்னு ஒங்களுக்கே தெரியும்."

தெரியும். எழுபத்து நான்கு மார்ச்சில் ஒரு மாலை, வாசல் காவலர் லூசியனின் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தார். உள்ளே இதே போல இன்னொரு கத்தி. முதல் கத்தியின் ஸ்பிரிங் போதாதென்று திருத்தி இரண்டாவது செய்திருந்தான். கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது என்றார்கள். நடந்தது அவ்வளவுதான் என்றால் ஒரு திட்டோடு போயிருக்கும். ஆனால் இயக்குநர் வோசேய் அந்த வாரம்தான் யூனியனோடு சண்டை போட்டுத் தோற்றிருந்தார். லூசியன் யூனியன் ஆள். வோசேய் என்னை மேலே கூப்பிட்டு, மேசையில் கிடந்த கத்தியைக் காட்டி, "இப்படி ஒரு மாடல் நம்மகிட்ட இருக்கா?" என்று கேட்டார். நான் கீழே போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, "அப்படி ஒரு எண் இல்லைங்க," என்றேன்.

லூசியன் அந்த நேரம் தொப்பியைக் கையில் பிடித்தபடி கதவருகே நின்றிருந்தான். என்னை ஒரு முறை பார்த்தான்.

திருட்டுக்காக நீக்கம் என்று வேலைச் சான்றிதழில் எழுதினார்கள். அதற்குப் பிறகு தியேரில் எந்தக் கத்திக் கம்பெனி அவனைச் சேர்க்கும்? கிளெர்மோன் பக்கம் சாலை வேலைக்குப் போய், சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். கடைத்தெருவில் அவனைப் பார்த்தால் ஆட்கள் எதிர்ப்பக்கம் மாறிப் போனார்கள். நானும் போயிருக்கிறேன். எண்பத்தொன்பதில் செத்துப்போனான்.

"பள்ளிக்கூடத்துல என்னையத் திருடன் மகள்னுதான் கூப்புட்டாங்க," என்றாள் கிலேன். குரலில் அழுகை இல்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஒங்க புத்தகத்துல இது என்னன்னு போடுவீங்க? அது ஒண்ணுதான் எனக்கு வேணும். ஊரே அதத்தான் படிக்கப் போகுது."

அடுத்த புதன்கிழமை வரச் சொன்னேன். கத்தியை விட்டுவிட்டுப் போனாள்.

அவள் போனதும் ஜெர்மேன் கத்தியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். "இந்தத் தொளைய சூளைக்குப் போறதுக்கு முன்னாடியே போட்டிருக்கான். பதம் ஏறின எஃகுல இப்படி வழுவழுன்னு போட முடியாது. உள்ள செஞ்சதுதான், சந்தேகமே இல்ல. ஒன் கைவேலைப் பிரிவுல இதப் போட முடியாது."

"கம்பெனி மாடல்லயும் போட முடியாது."

"417-ஐ எப்புடிப் போட்ட?"

417 எங்கள் அட்டவணையிலேயே அழகான கத்தி. துப்பாக்கியில் சிக்கிய தோட்டாவை உருவும் கொக்கி வைத்த வேட்டைக் கத்தி. மொத்தமே மூன்றுதான் உண்டு. சேகரிப்பாளர்கள் அதற்காக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைகிறார்கள்.

"வோசேய்யோட வேட்டைக் கூட்டாளிங்களுக்கு," என்றாள் ஜெர்மேன். "சாப்பாட்டு வேளையில ஒக்காந்து செஞ்சது யாரு? லூசியன். ரிவெட் அடிச்சது நானு. உத்தரவுக் காயிதம் இருந்துச்சா? ஒரு மயிரும் இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு அந்தாளு சொன்னாரு, நீ அட்டை எழுதின. அதே கை, அதே இரும்பு, அதே சாப்பாட்டு வேளை. ஒண்ணுக்கு எண்ணு, இன்னொண்ணுக்குத் திருட்டு."

"அப்ப நீ ஏன் வாயத் தொறக்கல?"

"பயம்," என்றாள். "எனக்கும் ஒரு டோப்பா இருந்துச்சு. எல்லாருக்கும் இருந்துச்சு." கத்தியை மடக்கி வைத்தாள். "அவகிட்ட சொல்லப்போறியா?"

"என்னத்த?"

"என்னத்தன்னு கேக்காதய்யா."

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே சாப்பிட்டேன். ஆனால் ஒவ்வொரு முறை ரொட்டியை வெட்டும்போதும் என் இரண்டு கைகளைப் பார்த்தேன். பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. வந்ததும் மனசு லேசாகிவிட்டது, என்ன ஒரு கெட்டிக்காரன் நான் என்று.

என்னிடம் எழுதாத பழைய அட்டைகள் ஒரு கட்டு மிச்சமிருந்தன. அதே மை, அதே பேனா. பதிவு அறையின் ரப்பர் முத்திரையையும் கம்பெனி மூடும்போது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். ஆம், அதுவும் கம்பெனி சொத்துதான். ஒரு அட்டையை எடுத்து, 431-அ என்று எண் போட்டேன். 'ஒரு கைப் பயனர் கத்தி, முள்கரண்டியுடன். சோதனை மாடல்.' தேதி, 1974 பிப்ரவரி. லூசியனின் பையைத் திறப்பதற்கு ஒரு மாதம் முன்பு. இந்த அட்டை புத்தகத்தில் வந்துவிட்டால் அவன் திருடவில்லை. கம்பெனிதான் அவனைச் செய்யச் சொல்லியிருக்கிறது. வோசேய் செத்துப் போய்ப் பத்து வருடம் ஆகிறது, மறுக்க ஆளில்லை. என் கையெழுத்தைச் சந்தேகிக்கவும் உலகத்தில் ஆளில்லை.

புதன்கிழமை கிலேன் வந்தபோது அட்டையை அவள் முன் நகர்த்தினேன். பெட்டியின் அடியில் இருந்து கிடைத்தது, இப்போதுதான் கண்ணில் பட்டது என்றேன். ஜெர்மேன் என்னை முறைத்துப் பார்த்தாள். எனக்கு அவள் பக்கம் திரும்பத் தைரியமில்லை.

கிலேன் நிதானமாகப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"ஃபோமார் தயாரிப்புன்னு போட்டிருக்கு," என்றாள்.

"ஆமா. அதிகாரபூர்வமா. இனிமே ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

"எங்கப்பா எங்க?"

"அட்டையில தொழிலாளி பேரு போடுற வழக்கமில்ல."

"எங்கம்மா விரல எடுத்த கம்பெனி, பாவம்னு எரக்கப்பட்டு அவங்களுக்குக் கத்தி செஞ்சு குடுத்துச்சு. அப்புடித்தானே இதப் படிக்கிறவங்க நெனப்பாங்க?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. சத்தியமாக யோசித்திருக்கவில்லை.

"மிஸ்யே, கம்பெனி எங்களுக்கு ஒண்ணும் செய்யல. அப்பா செஞ்சாரு. திருட்டுன்னு சொன்னாலும் பரவாயில்ல, அவரு எடுத்ததுன்னே இருக்கட்டும். இத கம்பெனிக்குக் குடுக்க மாட்டேன்." அட்டையை என் பக்கமே தள்ளினாள். "அப்பா வீட்டுல ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாரு. எண்ணு இல்லன்னு சொல்லிட்டாங்க, அதான் போச்சுன்னு. யாரு சொன்னாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லல. அன்னைக்கு அப்படிச் சொன்னது யாரு? அந்த இயக்குநரா?"

இதோ, வாசல் திறந்திருந்தது. செத்தவன் தலையில் போட்டுவிட்டால் முடிந்தது. லூசியன் என் பெயரைத் தன் வீட்டுக்குள்கூடக் கொண்டுபோகவில்லை என்பது அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. இருபத்தைந்து வருடம் அந்த வீட்டில் என்னைச் சபித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துத்தான் தெருவில் எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறேன்.

"நான்," என்றேன்.



கிலேன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கேட்டப்ப ஒடனே சொன்னீங்களா?"

"இல்ல. கீழ போயி பெட்டியத் தொறந்து பாத்துட்டு வந்து சொன்னேன்."

"நானூறு சொச்சம் எண்ணு. ஒங்களுக்கு எல்லாம் மனப்பாடம்னு இந்தம்மா போன வாரம் சொன்னாங்க. தொறந்து பாக்காமலே தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப எதுக்குக் கீழ போனீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. முப்பத்தாறு படிகள். இறங்கும்போதும் ஏறும்போதும், 417-ஐப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஏறி முடிப்பதற்குள் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இதை அவளிடம் அப்படியே சொன்னேன்.

அவள் கத்தியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். ஜெர்மேனுக்குக் கை கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

"சொன்னதையெல்லாம் எழுதுங்க," என்றாள். "அந்த வேட்டைக் கத்தியையும் சேத்து. என்ன தலைப்புல போடுவீங்களோ, அது ஒங்க பாடு."

போலி அட்டையை அடுப்பில் போட்டேன். பிறகு எவ்ராருக்குத் தொலைபேசி செய்து, மூன்றாவது பிரிவு ஒன்று வரும், பெயர் டோப்பா என்றேன். 417 கம்பெனி மாடல்களிலிருந்து அங்கே மாறும் என்றேன். அவர் பதறிப்போனார். அந்தக் கத்தி வைத்திருக்கும் மூன்று பேரும் தன் மென்னியைப் பிடிப்பார்கள் என்றார். பிடிக்கட்டும் என்றேன். அந்தப் பிரிவில் எண்ணுக்குப் பதிலாக இரண்டு விவரம்: செய்தவர், யாருக்காக. முதல் பதிவாக, லூசியன் ரொதியே, மனைவி மார்த்துக்காக. அதன் கீழே எழுபத்து நான்கு மார்ச்சில் நடந்ததை, என் பெயரோடும் படிகளோடும் எட்டு வரியில் எழுதினேன்.

உள்ளூர்ச் செய்தித்தாளில் ஜெர்மேன் ஒரு சின்ன அறிவிப்புக் கொடுத்தாள். டோப்பா வைத்திருப்பவர்கள் கொண்டுவரலாம், பெயரோடு பதிவு செய்யப்படும் என்று. யாரும் வரமாட்டார்கள் என்று நான் பந்தயம் கட்டத் தயாராக இருந்தேன்.

முதல் வாரம் இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் என் வீட்டுப் படிக்கட்டில் வரிசை நின்றது. காளான் வெட்டும் கத்தி, கல்யாணத்துக்கு மச்சினிக்குச் செய்த முத்துச்சிப்பிப் பிடிக் கத்தி, வாத்தியாருக்கு நன்றியாகச் செய்த பேனாக் கத்தி, உள்ளே எட்டு அலகு வைத்து மடக்கவே முடியாமல் போன பேராசைக் கத்தி. எழுபது வயது ஆட்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, திருவிழாவில் பிடிபட்ட பையன்களைப் போல நின்று, "இது எம்பது அக்டோபர்ல, நான்தான்," என்றார்கள். ஜெர்மேன் தன்னுடையதையும் கொண்டுவந்து வைத்தாள். இறந்துபோன வாசல் காவலரின் மனைவிகூட ஒன்று கொண்டுவந்தாள். மொத்தம் அறுபத்து மூன்று. எழுத எழுத எனக்குக் கோபம்தான் வந்தது, முதலில் அவர்கள்மேல், பிறகு என்மேல். இத்தனை பேரும் லூசியனைப் பார்த்து எதிர்ப்பக்கம் மாறிப் போனவர்கள். ஊரே திருடியிருக்கிறது, திருடன் மட்டும் ஒருவன்.

அச்சுக்குப் போகும் முன் கிலேனுக்கு மெய்ப்புத் தாள்களை அனுப்பினேன். ஒரு சனிக்கிழமை அவளே நேரில் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மேசையருகே நின்றபடியே அறுபத்து மூன்று பெயரையும் விரல் வைத்துப் படித்தாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்த பெயர்கள். பக்கத்து வீடு, பள்ளிக்கூடம், கடைத்தெரு.

"இவங்களா?" என்றாள். "இவங்க எல்லாருமா?"

"எல்லாரும்."

லூசியனின் பதிவை முதல் பக்கத்தில், முழுப் பக்கப் படத்தோடு போட எவ்ரார் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று சொன்னேன். அதையாவது செய்ய முடிந்ததே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"வேணாம்," என்றாள் கிலேன்.

"ஏம்மா? அவருக்குச் சேர வேண்டிய மரியாதைதானே?"

"தனியா நிக்க வெச்சது போதும் மிஸ்யே. மத்தவங்க நடுவுல போடுங்க."